பாதி வழியில் நிற்கும் புதுப்பிப்பு

போடிநாயக்கனூரில் ஏலக்காயின் விலை இன்று கணினித் திரையில் உருவாகிறது. ஏலம் என்னும் சொல் தமிழில் செடியையும் குறிக்கும், விலை கேட்டு விற்கும் முறையையும் குறிக்கும். முன்னது மலைச் சரிவில் விளையும் பயிரின் பழம்பெயர், பின்னது போர்த்துகீசியர் வழியாக வந்து ஊன்றிய சொல் என்று கருதப்படுவது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் சந்திக்கும் ஊராகப் போடியைச் சொல்லலாம். நறுமணப் பொருள்கள் வாரியம் 2007-இல் மின்னணு ஏல முறையைக் கொண்டுவந்தபோது, வியாபாரிகள் குரல் எழுப்பி விலை கேட்ட காலம் முடிந்து, ஒவ்வொருவரும் தம் முன்னுள்ள கணினியில் விசையைத் தட்டி விலை ஏற்றும் காலம் தொடங்கியது. 2021-இல் மேகக் கணினி வழியிலான நேரலை ஏலம் அறிமுகமானபின், மலைக்கு இப்புறம் போடியில் இருப்பவரும் மலைக்கு அப்புறம் இடுக்கி மாவட்டத்தின் புத்தடியில் இருப்பவரும் ஒரே குவியலுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்க முடிகிறது. போடிமெட்டு வழியாக மாநில எல்லையைக் கடந்து இறங்கும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு எடுப்பது, ஜிஎஸ்டி கணக்கை ஏற்றுவது, தோட்டக் கூலியை வங்கிக்கு அனுப்புவது என்று, ஏலக்காய்க் கடையிலும் தோட்ட அலுவலகத்திலும் உள்ள சிறு கணினி, தராசைப் போலவே தொழிலின் இன்றியமையாத கருவி ஆகிவிட்டது.

அத்தகைய கணினிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் கோளாறுகளுள் ஒன்று, இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சேவை நின்றுபோவது. இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளையும் அதில் ஓடும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள். சேவை என்பது திரையில் தலைகாட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டே தன் வேலையைப் பார்க்கும் நிரல். விண்டோஸ் இயங்குதளத்தில் ‘விண்டோஸ் அப்டேட்’ என்னும் சேவை நின்றுபோனால், ஏதோ ஒரு நீண்ட எண்ணும், ‘மீண்டும் முயலவும்’ என்ற பொத்தானும் மட்டுமே திரையில் மிஞ்சுகின்றன. இதைக் கண்டவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: சேவையையே முடக்கிவிடுகிறார்கள், அல்லது கடைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவச் சொல்கிறார்கள். இரண்டுமே பெரும்பாலான நேரங்களில் தேவையற்றவை. புதுப்பிப்புச் சேவை என்பது அடுக்கடுக்கான சோதனைச் சாவடிகளால் ஆனது. ஐயம் தோன்றிய இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே அது நிற்பது பெரும்பாலும் கணினி கெட்டுப்போனதன் அடையாளம் அன்று, ஏதோ ஒரு சாவடி தன் கடமையைச் செய்ததன் அடையாளம். எந்தச் சாவடி என்று கண்டுகொள்வதுதான் பழுதுநீக்கும் கலையின் முக்கால் பங்கு.

இத்தனை கட்டுக்காவல் ஏன் என்பதற்கு வரலாறு விடை தருகிறது. 2003 ஜூலை 16 அன்று விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. நான்கு வாரம் முடிவதற்குள், ஆகஸ்ட் 11-ஆம் நாள் வாக்கில், அதே ஓட்டையின் வழியாகப் ‘பிளாஸ்டர்’ என்னும் கணினிப்புழு உலகெங்கும் பரவியது. அது புதுப்பிப்புத் தளத்தையே தாக்கி முடக்கவும் திட்டமிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை ஒருசேர வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. அமெரிக்க மேற்குக் கரையின் காலை பத்து மணிக்கு வெளியாகும் அவை, இந்திய நேரப்படி செவ்வாய் இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ வந்து சேர்கின்றன. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட ‘வான்னக்ரை’ பரவியபோது, அதைத் தடுக்கக்கூடிய திருத்தம் மார்ச் 14-ஆம் நாளே வெளியாகி 59 நாட்கள் ஆகியிருந்தன. திருத்தம் வெளியான நாளுக்கும் அது ஒரு கணினியில் பதிவாகும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே ஆபத்தின் காலம். புதுப்பிப்புச் சேவை நின்றுபோன கணினியில் அந்தக் காலம் முடிவதே இல்லை.

புதுப்பிப்பின் பயணத்தை மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் ஏதாவது ஒரு வளைவில் பாறை உருண்டு விழுந்தால், வண்டியில் எந்தப் பழுதும் இல்லாமலேயே பயணம் நின்றுவிடும். அடைபட்டது நான்காம் வளைவா பதினான்காம் வளைவா என்று தெரியாமல் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. புதுப்பிப்பின் வளைவுகள் முறையே இவை: கணினியில் என்னென்ன உள்ளன, எவை குறைகின்றன என்று சேவையகத்துடன் ஒப்பிட்டுத் தேடுதல், குறைபவற்றைப் பதிவிறக்குதல், வந்தது உண்மையானதா என்று சரிபார்த்தல், பழைய கோப்புகளுக்குப் பதிலாகப் புதியவற்றை வைப்பதற்கு ஆயத்தம் செய்தல், கணினி அணைந்து எழும்போது மாற்றத்தை நிறைவேற்றுதல். இவற்றை வெவ்வேறு சேவைகள் பகிர்ந்து செய்கின்றன என்பதும், ஒன்று நின்றால் அடுத்தது தொடங்காது என்பதும் நினைவில் கொள்ள வேண்டியவை.

பதிவிறக்கத்தில் நெடுங்காலமாகப் பங்கு வகிப்பது ‘பிட்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பின்னணிப் பரிமாற்றச் சேவை. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் அறிமுகமானது. மலைச் சாலையில் இறங்கி வரும் வண்டி ஒதுங்கி நின்று ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதுபோல, பயனர் இணையத்தைப் பயன்படுத்தும்போது இது ஒதுங்கிக்கொள்ளும். இணைப்பு சும்மா இருக்கும் வேளையில் மட்டும் முன்னேறும். இணைப்பு அறுந்தாலும், கணினியே அணைந்தாலும், எதுவரை வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். அலைபேசிக் கோபுரம் ஒரு நேரம் எட்டியும் ஒரு நேரம் எட்டாமலும் இருக்கும் மலைச் சரிவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம். இணைப்பு மெதுவாக இருப்பதால் மட்டும் புதுப்பிப்பு பழுதாகிவிடாது, தாமதமாகும், அவ்வளவே. ஆனால் அலைபேசியின் ஹாட்ஸ்பாட்டை ‘அளவிட்ட இணைப்பு’ என்று ஒருமுறை குறித்துவிட்டால், டேட்டா வீணாகக்கூடாது என்பதற்காக விண்டோஸ் பெரிய பதிவிறக்கங்களைத் தானே நிறுத்தி வைக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காதபோது, அமைப்பில் அந்த ஒரு குறியைப் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சரிபார்ப்பு என்னும் வளைவுதான் அறிவியல் வளம் மிக்கது. பதிவிறங்கிய ஒவ்வொரு கோப்பின் மீதும் ‘ஹேஷ்’ என்னும் கணக்கீடு நடத்தப்படுகிறது. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதைப் பிசைந்து அரைத்து நிலையான நீளமுள்ள ஒரே எண்ணாக்குவது அக்கணக்கீடு. இன்று வழங்கும் ஷா-256 முறையில் அந்த எண் 256 பிட்டுகள் நீளமுடையது. மூலக் கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விளைந்த எண்ணில் ஏறத்தாழப் பாதி பிட்டுகள் மாறிவிடும் என்பதால், கைரேகையைப் போல அது கோப்பை அடையாளம் காட்டுகிறது. கைரேகைகளின் பட்டியலை யாரும் போலியாக எழுதிவிடக்கூடாது என்பதற்காக, வெளியிட்டவர் மட்டுமே அறிந்த இரகசியத் திறவுகோலால் அப்பட்டியலில் மின்கையொப்பம் இடப்படுகிறது. எல்லோருக்கும் தெரிந்த பொதுத் திறவுகோலைக் கொண்டு எந்தக் கணினியும் அக்கையொப்பத்தைச் சோதிக்கலாம், ஆனால் அதைக்கொண்டு கையொப்பம் இட முடியாது. இந்தச் சோதனை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2012-இல் கண்டறியப்பட்ட ‘ஃபிளேம்’ என்னும் உளவு நிரல் காட்டியது. எம்டி5 என்னும் பழைய ஹேஷ் முறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி மைக்ரோசாஃப்ட்டின் பெயரிலேயே போலிச் சான்றிதழ் உருவாக்கி, தன்னை விண்டோஸ் புதுப்பிப்பாகவே காட்டிக்கொண்டு அது கணினிகளுக்குள் நுழைந்தது. சரிபார்ப்பில் நின்றுபோன புதுப்பிப்பைக் கண்டு எரிச்சல் அடைவதற்கு முன், அது நிற்காமல் போயிருந்தால் யார் உள்ளே வந்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

கையொப்பத்தோடு ஒட்டிய சான்றிதழ்களுக்கு, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற காலவரையறை உண்டு. புதுப்பிப்புச் சேவையகத்துடன் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போது, அதன் சான்றிதழ் இன்றைய நாளில் செல்லுபடியாகிறதா என்று கணினி பார்க்கிறது. இன்று எந்த நாள் என்பதைத் தன் சொந்தக் கடிகாரத்திடம் கேட்கிறது. கணினி அணைந்திருக்கும்போது அந்தக் கடிகாரத்தை ஓட்டுவது தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம். பெரும்பாலும் சிஆர்2032 என்னும் மூன்று வோல்ட் வகை. அது தீர்ந்துபோன கணினியை, மின்வெட்டுக்குப்பின் இயக்கினால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் பிறக்காத நாளைச் சொல்வதாகத் தோன்ற, கணினி எல்லாவற்றையும் மறுக்கும். இணையத்தின் வழியே நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதி இருந்தும், தனித்து இயங்கும் விண்டோஸ் கணினியின் இயல்பான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட பிழையை அது ஏற்பதில்லை. கையால்தான் நாளைத் திருத்த வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் மின்கம்பிகளைச் சோதிக்கும் மலைப்பகுதியில், நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்து எழும் மேசைக் கணினிகளில், இந்தச் சிறிய மின்கலத்தை முதல் சந்தேகத்துக்குரியதாகக் கொள்வது பொருத்தமானது. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் அந்தப் பொருளை மாற்றினாலே தீரக்கூடிய கோளாறுக்கு முழுக் கணினியையும் அழித்து நிறுவுவது, செருப்பில் தைத்த முள்ளுக்குக் காலை அறுப்பதற்கு ஒப்பானது.

திரையில் தோன்றும் பிழை எண்ணைப் பலரும் பொருளற்ற இலக்கக் கூட்டமாகக் கருதுகிறார்கள். உண்மையில் அது முகவரி போன்றது. அது பதினாறடிமான எண். அதாவது பத்துக்குப் பதிலாகப் பதினாறின் அடுக்குகளால் இடமதிப்புப் பெறுவது. தொடக்கத்தில் வரும் 8, செயல் தோல்வியுற்றது என்பதைச் சொல்லும். அடுத்துள்ள மூன்று இலக்கங்கள் எந்தத் துறையிலிருந்து பிழை வந்தது என்பதைக் காட்டும்: 007 என்றால் விண்டோஸின் பொதுப் பிழைப்பட்டியல், 024 என்றால் புதுப்பிப்பு முகவரே எழுப்பிய பிழை. கடைசி நான்கு இலக்கங்கள் அந்தப் பட்டியலில் உள்ள வரிசை எண். எடுத்துக்காட்டாக 80070070 என்பதன் கடைசிப் பகுதியான 70, பதினாறடிமானத்தில் 7 பெருக்கல் 16, அதாவது 112. பொதுப் பட்டியலின் 112-ஆம் பிழை ‘வட்டில் போதிய இடமில்லை’. 80070005 என்றால் அனுமதி மறுப்பு, 80070002 என்றால் தேவையான கோப்பு காணப்படவில்லை. 80070422 என்பதன் கடைசிப் பகுதி பத்தடிமானத்தில் 1058. சேவை முடக்கப்பட்டுள்ளது என்று பொருள். டேட்டா தீர்ந்துபோகிறது என்பதற்காக எப்போதோ யாரோ அந்தச் சேவையை முடக்கி வைத்திருப்பார்கள். இது பழுது அன்று, பூட்டு. சேவைகள் பட்டியலுக்குப் போய்த் திறந்தால் போதும்.

இடமின்மை பற்றி ஒரு சொல். புதுப்பிப்பு தன் அளவுக்கு மட்டும் இடம் கேட்பதில்லை. பொதியை வைக்க ஓரிடம், அதை விரித்துப் பார்க்க ஓரிடம், தவறினால் திரும்பிச் செல்வதற்காகப் பழையதைக் காத்துவைக்க ஓரிடம் என்று பல மடங்கு கேட்கும். இதனால்தான் 2019 முதல் புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10, ஏறத்தாழ 7 ஜிபி இடத்தைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளத் தொடங்கியது. மலிவு மடிக்கணினிகளில் வந்த 32 ஜிபி சேமிப்பகம் இந்தக் கணக்குக்குப் பற்றாது.

கடிகாரம், இடம், இணைப்பு, பூட்டிய சேவை ஆகிய நான்கும் சரியாக இருந்தும் புதுப்பிப்பு நகராவிட்டால், அடுத்து நோக்க வேண்டியது புதுப்பிப்புச் சேவையின் நினைவேடு. ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் கோப்புறையில், பதிவிறங்கிய பொதிகள் ஒருபுறமும், எது தேடப்பட்டது, எது கிடைத்தது, எது பதிவானது என்ற தரவுத்தளம் மறுபுறமும் இருக்கின்றன. அந்தத் தரவுத்தளம், கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் சிட்டாவில் குறிப்பதைப் போல, எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகே மூலத்தில் பதியும். பாதியில் மின்சாரம் போனால் சிட்டாவைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது இதன் நோக்கம். இத்தனை முன்னெச்சரிக்கை இருந்தும் தரவுத்தளம் சிதைவது எப்படி என்ற கேள்வி எழும். வேகத்துக்காகப் பல வட்டுகள் தம் உள் நினைவகத்தில் தரவை வாங்கி வைத்துக்கொண்டு, ‘எழுதிவிட்டேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அந்த நொடியில் மின்சாரம் நின்றால், சிட்டாவில் எழுதியதாகச் சொன்ன வரியே அங்கு இல்லாமல் போகும். ஒரு நாளைக்குப் பலமுறை கரண்ட் போய்வரும் இடத்தில், யூபிஎஸ் இல்லாத கணினியில், இந்த நிகழ்வு வாய்ப்பின் விளையாட்டு மட்டுமே. என்றாவது ஒருநாள் அந்த நொடி வாய்த்துவிடும்.

நல்வேளையாக, இந்த நினைவேடு இழக்கத்தக்கது. அதில் உள்ள எதையும் சேவையகத்திடம் மீண்டும் கேட்டுப் பெறலாம். ஆகவே பழுதானதைத் திருத்த முயல்வதைவிட அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதவிடுவதே எளிது. முதலில் விண்டோஸ் அப்டேட், பிட்ஸ், குறியாக்கச் சேவை ஆகியவற்றை நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சேவை தன் கோப்புகளைக் கையில் பிடித்திருக்கும் என்பதால் அதை நிறுத்தாமல் கோப்புறையைத் தொட முடியாது. பிறகு கோப்புறையை அழிக்காமல், வேறு பெயர் மாற்றி வைக்க வேண்டும். தவறு நேர்ந்தால் திரும்பிப் பெற வழியிருக்கும். பின்னர் சேவைகளை மீண்டும் இயக்கினால், கோப்புறை இல்லாததைக் கண்ட சேவை தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு, தேடுதலை முதலிலிருந்து தொடங்கும். இதற்குப்பின் புதுப்பிப்பு வரலாற்றுப் பட்டியல் வெறுமையாகத் தெரியக்கூடும். முன்பு பதிவான திருத்தங்கள் நீங்கிவிடவில்லை, அவற்றைப் பற்றிய குறிப்பு மட்டுமே மறைந்தது.

கையொப்பப் பட்டியல்களுக்கும் இதே போன்ற நினைவேடு ஒன்று உண்டு. ‘கேட்ரூட்2’ என்பது அதன் பெயர், அதையும் இவ்வாறே பெயர் மாற்றலாம். அதற்கு அருகிலேயே இறுதியில் 2 என்ற எண் இல்லாத ‘கேட்ரூட்’ என்னும் கோப்புறை இருக்கிறது. அதைத் தொடவே கூடாது. ஏனெனில் முன்னது மீண்டும் கணக்கிட்டு உருவாக்கத்தக்க தற்காலிக ஏடு, பின்னது கையொப்பமிட்ட மூலப் பட்டியல்களின் இருப்பிடம். ஓர் எண்ணின் வேறுபாட்டில் கணினி எழுவதும் எழாததும் தங்கியிருக்கிறது. எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்ற வேறுபாட்டை அறிந்தவரே இந்த வேலையைச் செய்யத் தகுதியுடையவர். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் இலவசச் செயலிகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் மதிப்பதில்லை என்பதால், அவற்றை அண்டவிடாமல் இருப்பது நல்லது.

இதற்கும் அடியில் இன்னொரு தளம் இருக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இயங்குதளம் தன் உறுப்புகள் அனைத்தையும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்னும் உறுப்புக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் அமைப்புக் கோப்புகளில் பெரும்பாலானவை அக்களஞ்சியத்தில் உள்ள பிரதிகளுக்கு வழங்கப்பட்ட இரண்டாம் பெயர்களே. ஒரே கோப்புக்கு இரண்டு இடங்களில் பெயர் சூட்டும் இந்த ஏற்பாடு வன்பிணைப்பு எனப்படும். இதனால் கோப்புறையின் அளவைக் கேட்டால் ஒரே கோப்பு இருமுறை எண்ணப்பட்டு, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதைக் கண்டு ஏமாந்து, இடம் மிச்சப்படுத்துவதாக எண்ணி அதிலிருந்து கோப்புகளை அழிப்பவர்கள் தம் கணினியின் வேரையே வெட்டுகிறார்கள். புதுப்பிப்பைப் பதிப்பது என்றால் புதிய உறுப்பைக் களஞ்சியத்தில் சேர்த்து, கணினி மறுபடி எழும்போது பெயர்களைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவது. பாதியில் தடைப்பட்டால் பெயர்களைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம். ‘மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன’ என்ற செய்தியின் பொருள் அதுதான். களஞ்சியமே சிதைந்திருந்தால் 80073712 என்ற எண் தோன்றும். அதன் கடைசிப் பகுதி பத்தடிமானத்தில் 14098.

களஞ்சியத்தைச் சீர்செய்ய ‘டிசம்’ என்று வழங்கும் கட்டளைக் கருவியும், அன்றாடக் கோப்புகளைச் சீர்செய்ய ‘எஸ்எஃப்சி’ என்னும் கட்டளையும் விண்டோஸிலேயே உள்ளன. இரண்டையும் எந்த வரிசையில் இயக்குவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்றைக் களஞ்சியத்திலிருந்து எடுக்கிறது. களஞ்சியமே கெட்டிருக்கும்போது அதை முதலில் இயக்குவது, ஓட்டைக் குடத்திலிருந்து நீர் மொள்வது போன்றது. ஆகவே டிசம் முந்தியும் எஸ்எஃப்சி பிந்தியும் வர வேண்டும். டிசம் தனக்குத் தேவையான நல்ல கோப்புகளை எங்கிருந்து பெறுகிறது என்று பார்த்தால், இங்கே விந்தையான ஒரு சுழல் தென்படும்: இயல்பான அமைப்பில் அது அவற்றை விண்டோஸ் அப்டேட்டிடமிருந்தே கேட்கிறது. பழுதான சேவையைச் சீர்செய்ய அதே சேவையின் உதவி தேவைப்படும் இந்தச் சுழலிலிருந்து வெளிவர, நிறுவல் கோப்பு ஒன்றை வெளியிலிருந்து தந்து, ‘இதிலிருந்து எடுத்துக்கொள்’ என்று டிசமுக்கு வழிகாட்ட வேண்டும். அந்தக் கோப்பு பல ஜிபி அளவுடையது. மலைமேல் விட்டுவிட்டு வரும் இணைப்பில் அதை இறக்குவதைவிட, போடியில் நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றிப் பேருந்திலோ தோட்டத்து ஜீப்பிலோ மேலே கொண்டுபோவது விரைவானது. கொண்டுபோகுமுன் சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு: கணினியில் உள்ள விண்டோஸின் பதிப்பு, மொழி, 32 பிட்டா 64 பிட்டா என்பவை நிறுவல் கோப்பினுடையவற்றோடு ஒத்திருக்க வேண்டும், ஒவ்வாத கோப்பை டிசம் ஏற்காது, பதினேழு வளைவுகளை மறுபடியும் இறங்கி ஏற வேண்டிவரும்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு நிலையும் இங்கே குறிப்பிடத்தக்கது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பெற்ற கணினிகளுள் பல இன்னும் வீடுகளில் உள்ளன. அவற்றின் தொடக்ககால வரிசைகளில் விண்டோஸ் 7-உம், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் ஒருங்கே இருந்தன. நெடுநாள் பரணில் கிடந்த விண்டோஸ் 7 கணினியை எழுப்பினால் புதுப்பிப்பு மறுக்கப்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஷா-1 என்னும் பழைய ஹேஷ் முறை பலவீனமடைந்ததால் 2019-இல் மைக்ரோசாஃப்ட் ஷா-2 குடும்பத்துக்கு மாறியது. புதிய கையொப்பத்தைப் படிக்கத் தெரியாத கணினி, உண்மையான திருத்தத்தையும் போலி என்றே கருதும். படிக்கக் கற்பிக்கும் திருத்தங்களான கேபி 4490628, கேபி 4474419 ஆகிய இரண்டையும் மைக்ரோசாஃப்ட்டின் புதுப்பிப்புப் பட்டியல் தளத்திலிருந்து தனியே எடுத்து, இந்த வரிசையில் கையால் பதித்த பின்னரே மற்றவை நகரும். எனினும் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் வங்கி வேலை பார்ப்பது சரியன்று.

அதே கணினியில் லினக்ஸ் பக்கத்தைத் திறந்தாலும் ஏறத்தாழ இதே இடங்களில்தான் தடை தோன்றும் என்பது கவனிக்கத்தக்கது. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் பொதிகளின் பட்டியலுக்குக் கையொப்பமும் நாளும் உண்டு. கடிகாரம் பின்தங்கினால், பட்டியல் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று அது மறுக்கும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதிகளை மாற்றிவிடாதபடி பூட்டுக் கோப்பு ஒன்று இருக்கும். மின்சாரம் இடையில் நின்று நிறுவல் பாதியில் விடப்பட்டிருந்தால், அரைகுறையாகப் பிரித்து வைக்கப்பட்ட பொதிகளை முழுமையாக்கும்படி ‘டிபிகேஜி’ கருவிக்கு ஒரு கட்டளை கொடுத்த பிறகே அடுத்த வேலை நடக்கும். வடிவமைத்தவர்கள் வேறு, காலம் வேறு. ஆயினும் ஒரே இடர்களை எதிர்கொண்டவர்கள் ஒரே விதமான காவல்களை எழுப்பியிருக்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபின், புதுப்பிப்பு வரவில்லை என்ற முறையீட்டுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது: வர வேண்டியதே இல்லாமல் போயிருக்கலாம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. எனவே பழுதுநீக்கத் தொடங்குமுன், கணினியில் உள்ள பதிப்புக்கு இன்னும் திருத்தங்கள் வெளியாகின்றனவா என்று பார்ப்பது, பேருந்து நிறுத்தப்பட்ட தடத்தில் காத்திருப்பதைத் தவிர்க்கும்.

மேற்சொன்ன யாவும் பயன் தராதபோது எஞ்சுவது, விண்டோஸின் மேலேயே விண்டோஸை மீண்டும் நிறுவுவது. பென் டிரைவில் உள்ள நிறுவல் கோப்பைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்து, சொந்தக் கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தெரிவைத் தேர்ந்தால், களஞ்சியம் முழுவதும் புதிதாக எழுதப்படும், கணக்கு ஏடுகளும் படங்களும் அப்படியே இருக்கும். ஆயினும் அவற்றின் பிரதி ஒன்றை வேறு வட்டில் எடுத்துவைக்காமல் இதைத் தொடங்கக்கூடாது. இந்த வேலை பழைய வன்வட்டுள்ள கணினியில் சில மணி நேரம் பிடிக்கும், இடையில் பலமுறை கணினி தானே அணைந்து எழும், அந்த நேரம் முழுவதும் மின்சாரம் இருந்தாக வேண்டும். மேசைக் கணினிக்குத் தரப்படும் சாதாரண யூபிஎஸ் கணினியை முறையாக அணைப்பதற்கு வேண்டிய சில நிமிடங்களை மட்டுமே தாங்கும் என்பதால், மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்தம் அறிவிக்காத நாளாகவும், மேற்கே மேகம் திரளாத பொழுதாகவும், அந்தக் கணினிக்கு ஏல வேலை இல்லாத நாளாகவும் பார்த்து, காலையிலேயே தொடங்கிவிடுவது மலைக்கு ஏற்ற நடைமுறை.